எல்சிக்கு மூணு பூங்கொத்து

காலை பத்து மணிக்குள் எல்சிக்கு மூன்றாவது பூங்கொத்தும் வந்துவிட்டது. கொண்டுவந்த மாடிவீட்டுப் பெரியவர், குனிந்து அவள் கையில் ஒரு முத்தம் வேறு கொடுத்துவிட்டுப் போனார். சோபாவில் இருந்த சவரிமுத்து கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

முதல் கொத்து ரொட்டிக்கடைக்காரர் கொடுத்தது. இரண்டாவது, சந்தையில் மிளகாய் விற்கிறவர். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் சவரிமுத்து வாங்கித் தந்த பூ மொத்தமும் பத்து முழம் தேறாது.

ஹங்கேரியில் செகெட் என்கிற ஊரில் மகள் ஜெனிட்டாவுக்கு வேலை. பாபநாசத்திலிருந்து இவர்கள் பார்க்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் எல்சி தனியாக டிராம் ஏறுகிறாள், வெந்நீர்க் குளத்தில் கழுத்துவரை மூழ்கிக் கிடக்கிறாள். போகிற இடமெல்லாம் "ஐ ஆம் எலிசபெத்" என்று ஞானஸ்நானப் பேரைச் சொல்லிக் கைகுலுக்குகிறாள்.

காலையில் பால் வாங்கப் போனபோதே தெருவில் நாலைந்து பெண்கள் கையில் பூவைப் பார்த்தார் சவரிமுத்து. சரிதான், ஊரே கெட்டுக்கிடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

"ஜெனிட்டா! டிக்கெட்டை நாளைக்கே மாத்து. சம்பா வயல்ல தண்ணி நிக்குதாம்."

"வடிஞ்சிடுச்சுன்னு நேத்துதானே சொன்னீங்க?"

"மறுபடியும் நிக்குது!"

எல்சிக்கு முகம் வாடிப்போனது. "இன்னும் பத்து நாள் இருக்கேங்க. திடீர்னு உங்களுக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? வீட்டுக்காரன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். கண்டவனும் பூ குடுக்கிறான், நீயும் பல்லைக் காட்டி வாங்குற!" மனிதருக்கு நிஜமாகவே வலித்தது.

ஜெனிட்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ அப்பா! இன்னிக்கு நவம்பர் பத்தொன்பது, புனித எலிசபெத்தம்மா திருநாள். இங்க யாருக்கு எந்தப் புனிதர் பேரோ, அவர் திருநாளன்னிக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் வாழ்த்துவாங்க, பிறந்தநாள் மாதிரி. ஊர்ல இருக்கிற அத்தனை எலிசபெத்துக்கும் இன்னிக்குப் பூதான்."

சவரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆம்பளைங்களுக்கும் பூதானா?"

"அவங்களுக்குப் பெரும்பாலும் ஒயின் பாட்டில்."

எல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். "வேணாம்டி, அப்பாவுக்கு மனசு சரியில்ல. நீ டிக்கெட்டை மாத்திடு, நாங்க கிளம்பறோம்."

சவரிமுத்து மாடிப் பக்கம் முறைத்துப் பார்த்தார். "அந்த மாடிவீட்டு ஆளுக்கு என் பேரு தெரியுமா?"

"தெரியாதுங்க. சண்டை கிண்டை போட்றாதீங்க, பாவம் வயசானவரு!"

அவர் விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"சவரின்னா சவேரியார்தான். அவர் திருநாள் டிசம்பர் மூணு. டிக்கெட்டை நாலாந்தேதிக்கு மாத்து!"