குகைச் சுவரில் ஒரு வரி

யாங்கோனிலிருந்து ஒரு பகல் முழுதும் காரோட்டி, மழையறியா வறண்ட நிலத்துக் குகையைப் பார்த்தே தீர வேண்டுமென்ற மனைவி புவனாவை அழைத்து வந்தான் கார்த்திகேசன். வழியெல்லாம் அவன் சொன்ன தடைகள் எவையும் அவளிடம் எடுபடவில்லை.

குகைக்குள் அவளது கைவிளக்கு ஒரு சுவரில் நின்றது.

"ஏங்க, இது தமிழ் எழுத்துதானே? என்ன எழுதியிருக்கு?"

கல்லூரிக் காலத்தில் அவனே கீறிய வரி அது. புவனா பர்மியப் பள்ளியில் பயின்றவள். தமிழ் பேசுவாளேயன்றிப் படிக்க அறியாள் என்ற நினைப்பே அவனுக்குத் துணையாயிற்று.

"சாமி பாட்டு. யாரோ பக்தர் எழுதி வச்சிருக்காரு."

"அப்படியா? பாடிக் காட்டுங்களேன்."

முருகனை நினைந்து, நாவில் வந்த சொற்களையெல்லாம் கோத்துப் பாடினான். அவள் கண்மூடிக் கைகூப்பிக் கேட்டாள். அவனுக்குப் போன உயிர் திரும்பிற்று.

"இத்தனூண்டு வரிக்கு இவ்வளவு பெரிய பாட்டா?"

"பழைய தமிழ். சுருக்கித்தான் எழுதுவாங்க."

"ஓ. உங்க பிறந்தநாளைக்குச் சொல்லலாம்னு மறைச்சு வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை யாங்கோன் பபேடான் பேட்டைக் கோயில்ல தமிழ் படிக்கப் போறேன். போன வாரம்தான் 'ஜா' எழுத்து சொல்லிக் குடுத்தாங்க."

விளக்கை மீண்டும் சுவரின்மேல் அடித்தாள்.

"பக்தர் பேரு கார்த்திகேசன், சரி. ஜாஸ்லின் எந்த ஊரு சாமிங்க?"