இழுப்பறைக்குள் இரண்டு ஊர்கள்

"பாதிக் கதையில் என்னைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனானே, அவன் உருப்படுவானா?" என்று டிவி மேசையின் இழுப்பறைக்குள் கிடந்த வீடியோ கேம் டிஸ்க் பொருமியது. அதன் பெயர் திருட்டு நகரம். அதில் கார் திருடலாம், வங்கியைக் கொள்ளையடிக்கலாம், ஊரெல்லாம் இஷ்டத்துக்குச் சுற்றலாம். விளையாடும் வீட்டுப் பையன் தன்னைப் பாதியில் விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் கோட்டை வீரன் என்ற இன்னொரு டிஸ்க்கின் கதையை மட்டும் முடித்திருப்பானோ என்பதுதான் அதன் வயிற்றெரிச்சல்.

"உன்னிடம் என்னய்யா இருக்கிறது? ஒரு குதிரை, நாலு கூரை. என் ஊர்ப் பாலங்களைப் பார்த்திருக்கிறாயா?"

"என் ஊரில் எந்தச் சுவரிலும் ஏறலாம். உன் ஆள் ஒரு வேலி தாண்டினாலே மூச்சு வாங்குவான்," என்றது கோட்டை வீரன்.

"பெருமை இருக்கட்டும். உன் கதையை அந்தப் பையன் முடித்தானா?"

"எங்கே முடித்தான்? வீரனின் அண்ணனைப் பாதாளச் சிறையிலிருந்து மீட்க வேண்டும். இவனோ கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கிறான். அண்ணன் இன்னும் சங்கிலியில் தொங்குகிறார்."

திருட்டு நகரத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்னிடமும் இதே கூத்துதான். திருடின காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சிவப்பு விளக்குக்கு நிற்கிறான், ரேடியோவில் பாட்டுக் கேட்கிறான். கூட்டாளிகள் வங்கி வாசலில் காத்துக் கிடக்கிறார்கள்."

இரண்டும் சேர்ந்து சிரித்ததில் பொறாமை போன இடம் தெரியவில்லை. சிரிப்பு அடங்கியதும் திருட்டு நகரம் வெளியே பார்த்து அதட்டியது:

"அடேய், என் ஆட்கள் திருடர்கள், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும். நீ முதலில் வந்து அந்த அண்ணனை அவிழ்த்துவிடு."