ரொம்ப நல்ல துண்டு

"இந்தத் துண்டு ரொம்ப நல்லா உறிஞ்சுதும்மா. வேற மாத்திக் குடுங்க."

கார் சாமான் கடையில் பன்னிரண்டு வருடமாக கல்லாவில் இருக்கும் அந்த அம்மாள், துண்டை விரித்துப் பார்த்தார். கிழிசல் இல்லை, சாயம் போகவில்லை. இப்படி ஒரு குறையைச் சொல்லிக்கொண்டு அதுவரை யாரும் அவரிடம் வந்ததில்லை.

எதிரே நின்றவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். போன மாதம் நுரை பீய்ச்சும் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்ததும் இவர்தான். அழுக்கு உடனே விட்டுவிடுகிறதாம். அதற்கும் முன்னால் நீளக் கைப்பிடி பிரஷ். காரின் கூரை இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அம்மாளுக்குப் பொறுமை உண்டு. ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் அது கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். தண்ணீரே தேவையில்லாத ஸ்ப்ரே வந்திருக்கிறது, அடித்துத் துடைத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்று ஒரு பாட்டிலை எடுத்து முன்னால் வைத்தார்.

அவர் பாம்பைக் கண்டதுபோல் ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு பின்னால் நிற்பவர்கள் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார். வண்டி அவருடையது இல்லை, மகனுடையது. மகன் இருப்பது ஒரு மணி நேரத் தொலைவில், அடுக்குமாடிக் குடியிருப்பில். அங்கே கார் கழுவ வசதியில்லை. இவர் வீட்டில் வாசலிலேயே குழாய் இருக்கிறது, நிழலும் இருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறான்.

"முன்னெல்லாம் கழுவித் துடைக்க ரெண்டரை மணி நேரம் ஆகும். இந்தத் துண்டு வந்ததுல போன வாரம் நாப்பதே நிமிஷம். நான் காபிக்குப் பால் வைக்கிறதுக்குள்ள கிளம்பிட்டான்."

அப்பாவும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேசிப் பழகாதவர்கள். மனைவி இருந்தவரை இவர் சொல்வதை அவனிடமும், அவன் சொல்வதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது அவள்தான். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது கையில் ஒரு வேலை இருந்தால்தான் இருவருக்கும் வாய் திறக்கிறது. சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே அவன் ஆபீஸ் மேனேஜரைத் திட்டுவான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இவர் முழங்கால் வலியைச் சொல்வார். கார் காய்ந்துவிட்டால் பேச்சும் நின்றுவிடும். அப்புறம் அடுத்த ஞாயிறு வரை வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான்.

அம்மாள் அந்த ஸ்ப்ரேயை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள், ஃபோனில்.

"என்ன மாதிரி அழுக்கு சார்?" என்று கேட்டார்.

கதவுக் கைப்பிடி வரைக்கும் செம்மண் புழுதி என்றார் அவர். நெடுஞ்சாலையிலேயே ஓடி வரும் காருக்கு இத்தனை புழுதி எங்கிருந்து என்று அம்மாள் ஆச்சரியப்பட்டார். அவருக்கும் அது தெரியவில்லை. புழுதியென்றால் பெயின்ட்டில் கீறல் விழும், அவசரப்படவே கூடாது என்று சொல்லி, அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

இரண்டு வாளி, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலச வெறும் தண்ணீர். மண் அடியில் தங்குவதற்கு வாளிக்குள் போடும் சல்லடைத் தட்டு. நுரை குறைவான ஷாம்பு. பாத்திரம் கழுவும் சோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், பளபளப்பு போய்விடும். பெரிய துண்டுக்குப் பதிலாகக் கைக்குட்டை அளவில் நான்கு. ஒரு கதவைத் துடைப்பதற்குள் ஒன்றைப் பிழிந்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு மெழுகு டப்பாவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"இதப் பூசி, காய விட்டு, அப்புறம்தான் துடைக்கணும். காயற வரைக்கும் ரெண்டு பேரும் சும்மா உக்காந்துதான் ஆகணும் சார்."

அதைத்தான் அவர் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கே வாளிகள் நிரம்பிவிட்டன. துண்டுகளை மடித்து வைத்தார். பாலை அடுப்பருகே எடுத்து வைத்தார். இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்து நிழலில் போட்டார், ஒன்றில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார். அறுபத்தெட்டு வயதில் பரீட்சைக்குப் போகும் பையனைப்போல் அவருக்குப் படபடப்பாக இருந்தது.

பத்து மணிக்குக் கார் வந்து நின்றது.

பளிச்சென்று இருந்தது. சக்கரத்தில்கூட ஒரு துளி மண் இல்லை. இனி இவன் வருவதற்குக் காரணம் இல்லை.

மகன் இன்ஜினை அணைத்தும் உடனே இறங்கவில்லை. இறங்கியவன் வாளிகளையும் துண்டுகளையும் பார்த்தான். செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டவன்போல் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"கழுவிட்டியாடா?"

"நேத்தே கழுவிட்டேன்ப்பா. எங்க பார்க்கிங்லயே குழாய் போட்டு எட்டு மாசம் ஆச்சு."

எட்டு மாதம். அதில் ஒரு ஞாயிறுகூட அவன் தவறியதில்லை. ஒரு ஞாயிறுகூட கார் சுத்தமாக வந்ததும் இல்லை. அப்படியென்றால் வாராவாரம் அத்தனை அழுக்கு எப்படி என்று கேட்டார்.

மகன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் வேணும்னே ஹைவேய விட்டு இறங்கிச் சுத்திட்டு வர்ற மண் ரோட்டுக்குத் தார் போட்டுட்டாங்கப்பா."