போகும் காசு

"எத்தன வருசத்துக்கு நிக்கணும்ணே?" ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டார் கொத்தனார் வீரையா.

யோகலிங்கம் கூரையை அண்ணாந்து பார்த்தார். மண்டபம் அகதி முகாமில் அந்த வரிசையின் பத்து வீடுகளுக்கும் பொதுப்பணம் அவர் பொறுப்பு.

மேலே காரை உதிர்ந்து, உப்புக்காற்று தின்ற கம்பி தெரிந்தது. நேற்று ஒரு துண்டு இந்த வீட்டுச் சுலக்சனாவின் பதினாறு நாள் குழந்தையின் தலைமாட்டில் விழுந்திருந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் கிடத்தியிருந்தார்கள்.

முப்பது வருடங்களாக எல்லாக் கொத்தனார்களும் கேட்ட கேள்விதான். ஒரு வருடம் போதும் என்றே வீட்டுக்காரர்கள் சொல்லிவந்தார்கள். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிவிடுவார்களே.

ஒரு வருடப் பூச்சுக்கு வீட்டுக்கு வீடு சேர்க்கும் மாதப்பணம் போதும். குழாய், பல்பு, தார்ப்பாய் எல்லாம் அதில்தான்.

கம்பி மாற்றிக் கான்கிரீட் போடுவதென்றால் தகரப்பெட்டியைத் திறக்க வேண்டும்.

அதில் இருப்பதற்குப் பெயர் போகும் காசு. ஊர் திரும்பும் நாளுக்கு மட்டும். பத்து வீட்டாரும் பெட்டிமேல் கை வைத்தால்தான் பூட்டில் சாவி நுழையும்.

இப்போது பெட்டிமேல் ஒன்பது கைகள் இருந்தன.

சுலக்சனாவின் அம்மா குணபூஷணியின் கை மட்டும் முந்தானைக்குள் இருந்தது. போன மூன்று தடவையும் மறுத்தவர் அவர்தான். அதில் கூரை போட்டால், இங்கேயே செத்துப்போக ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பார்.

பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது.

குணபூஷணி கையை எடுத்துப் பெட்டிமேல் வைத்தார். அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை பிறக்கும்வரை கூரை நிற்க வேண்டும் என்று வீரையாவிடம் சொன்னார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பெட்டி திறந்தது. முன்பணத்துக்காகக் கீழே இறங்கிவந்த வீரையா, நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

கட்டுக்கட்டாக இலங்கை ரூபாய்.

ஊரில் இறங்கியதும் பஸ்ஸுக்கும் பசிக்குப் பாணுக்கும் வேண்டுமே என்று, படகில் வந்து சேர்ந்தவர்களிடம் கூலிக்காசைக் கொடுத்து மாற்றி வாங்கியது. அங்கே அதன் மதிப்பு விழுந்துபோன கதையைக் கடைசியாக வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இன்று மாற்றினால் கம்பிக்குக்கூடக் காணாது. யோகலிங்கத்துக்கு அது தெரியும். எல்லோருக்கும் தெரியும். பெட்டி மூடியிருந்தவரை யாரும் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அங்க போனால் இது காசுதான், தம்பி," என்றார் குணபூஷணி.

வீரையா தலையாட்டினார். பிறகு, தார்ப்பாய்க்கு அளவெடுக்க மறுபடி ஏணியில் ஏறினார்.