ஐந்தாவது துளை

"எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் துளையிட்ட மூங்கில் பத்தைக்குப் பேட்டண்ட் எங்களுடையது" என்றார் மதராஸ் கம்பெனி முதலாளி.

சேலம் கோர்ட்டில் அவருக்கு எதிரே நின்றாள் சேந்தமங்கலத்துக் கட்டு வைத்தியர் பெருமாயி. தோற்றால் இனி யார் காலுக்கும் பத்தை வைத்துக் கட்ட முடியாது.

"சாமி, பேட்டண்ட் படத்துல அஞ்சு ஓட்டை எதுக்குன்னு இவருகிட்ட கேளுங்க" என்றாள் நீதிபதியிடம்.

"நான்கு, கயிறு கோக்க. ஐந்தாவது, காற்றோட்டத்துக்கு. என் மூன்று வருஷ ஆராய்ச்சி" என்றார் முதலாளி.

பெருமாயி ஒரு பழைய பத்தையை நீட்டினாள். "பேட்டண்ட்டுக்கு முந்தியே இவரு மகன் காலுக்கு நான் கட்டுனதுங்க. எலும்பு கூடினதும் அவுத்து வச்சேன்."

நீதிபதி அதைப் படத்தின் மேல் வைத்தார். ஐந்து துளைகளும் அப்படியே பொருந்தின.

"நாலுதானுங்க நான் போட்டது" என்றாள் பெருமாயி. "அஞ்சாவது, மூங்கிலு காட்டுல நிக்கையிலேயே வண்டு துளைச்சதுங்க."