குலுக்கலில் விழுந்த பெயர்

“சுடாதீங்க பெரியவரே! கொம்பு சின்னது. இதைவிடப் பெரிசா வரும்.”

கிளின்ட் சொன்னது பச்சைப் பொய். இருநூறு கஜம் தள்ளிப் பாறை முனையில் நின்ற மலையாட்டுக் கடாவின் கொம்பு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கன்னத்தைத் தாண்டியிருந்தது. பதினாறு வருஷமாக வயோமிங் மலைகளில் வேட்டைக்கு வழிகாட்டுகிற அவனே அப்படி ஒன்றை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான்.

ஆர்வில் மறுபேச்சில்லாமல் துப்பாக்கியைத் தாழ்த்தினார். “சரி தம்பி. உனக்குத் தெரியாததா?”

இந்தக் கடாவைச் சுட அரசாங்கம் குலுக்கல் போட்டுத் தருகிற சீட்டுக்காக இருபத்தொன்பது வருஷம் மனுப் போட்டவர் ஆர்வில். ஒரு தடவைகூட அவர் பெயர் விழவில்லை. போன மாதம் அவருடைய மகன் ட்ரென்ட் வந்து கிளின்டின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்பாவுக்கு இதயம் ரொம்ப மோசம். டாக்டர் கெடு சொல்லிட்டார். சீட்டு விழுந்துட்டதா நானே ஒரு காகிதம் அச்சடிச்சுக் குடுத்திருக்கேன். மூணு நாள் மலையில வச்சுக்கோ, கண்ணாலயாவது பார்க்கட்டும். சுட மட்டும் விட்டுடாதே.”

போலிச் சீட்டில் ஒரு குண்டு வெடித்தாலும் கிளின்டின் உரிமம் போய்விடும். ஆனாலும் சாகப்போகிறவரின் ஆசை. கூலி வேண்டாமென்று சொல்லி ஒப்புக்கொண்டான்.

மூன்று நாளும் ஆர்வில் அவனுக்கு முன்னால் ஏறினார். கிளின்ட் மூச்சு வாங்க மேலே வந்து சேரும்போது, அவர் பாறையில் உட்கார்ந்து எல்க் மான் உப்புக்கண்டத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். ஆசை மனுஷனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கடா சரிவில் மேலே ஏறி மறைந்தது. ஆர்வில் அதைப் பார்க்கவே இல்லை. முக்காலியில் இருந்த தொலைநோக்கியைக் கீழே பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பி அதிலேயே கண்ணை வைத்திருந்தார்.

“அங்க என்ன பெரியவரே பார்க்குறீங்க? கடா மேல போயிடுச்சு.”

“என் பண்ணை தெரியுது தம்பி.”

கிளின்டும் குனிந்து பார்த்தான். வீட்டு வாசலில் குதிரை ஏற்றுகிற லாரிகள் நான்கு நின்றன. ஆட்கள் ஒரு சாம்பல் நிறக் குதிரையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அவ ஏற மாட்டா” என்றார் ஆர்வில். “நான் பக்கத்துல நின்னாத்தான் ஏறுவா. அடிக்காம இருந்தாங்கன்னா சரி.”

“குதிரையை விக்கிறாங்களா? யாரு?”

“ட்ரென்ட்தான். பண்ணையைப் பனிக்காலத்துலயே எழுதி வாங்கிட்டான். நான் அங்க இருந்தா வாங்க வர்றவங்ககூடத் தகராறு பண்ணுவேனாம். அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தது என் காதுல விழுந்துச்சு.”

கிளின்ட் தொலைநோக்கியை விட்டு நிமிர்ந்தான். “அப்ப உங்க இதயம்...?”

“என் இதயமா? அதுக்கென்ன கேடு?”

நான்காவது லாரியின் கதவு சாத்தப்பட்டது. முற்றம் காலியானது. ஆர்வில் தொலைநோக்கியை விட்டு விலகி, கண்ணைத் துடைக்காமல் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

கிளின்ட் அவர் முன்னால் மண்டியிட்டான். “பெரியவரே, அந்தச் சீட்டு போலி. உங்களை மலைக்குக் கூட்டிட்டு வர உங்க மகன் செஞ்ச ஏமாத்து வேலை. நானும் அதுக்கு உடந்தை. என்னை மன்னிச்சுடுங்க.”

ஆர்வில் அவன் தோளில் கையை வைத்து எழுந்தார். துப்பாக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே குண்டே இல்லை.

“தெரியும் தம்பி. இந்த வருஷம் நான் மனுவே போடலை.”