கன்னையா போட்ட கையெழுத்து

கோவர்த்தனன் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே கன்னையா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"ஒண்ணும் பேசாதீங்க சார். நாலு தபா வந்தீங்க, நாலு தபாவும் முடியாதுன்னு அனுப்பிட்டேன். பொண்ணு நேத்தெல்லாம் துன்னாம கெடந்துச்சு. போதும். நாளிக்கி அத திருப்பதிக்கு இட்டுக்கினு போங்க."

கோவர்த்தனனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வந்தது அதற்கில்லை.

தோளில் தொங்கிய பையில் மூன்று டப்பா சத்துப் பவுடரும் ஒரு சேர்க்கைப் படிவமும் இருந்தன. நேற்றுத்தான் ஹைஸ்கூல் பி.இ.டி., அதாவது விளையாட்டு வாத்தியார், வேலையை விட்டிருந்தார். பன்னிரண்டு வருஷ வேலை, பன்னிரண்டு வருஷமும் தற்காலிகம். ஊர்ப் பிள்ளைகளை ஓடவிட்டு விசில் ஊதியதுதான் மிச்சம். இனி நமக்காக நாம் ஓடுவோம் என்று கிளம்பிவிட்டார். யார்தான் குறை சொல்ல முடியும்?

சத்துப் பவுடர் கம்பெனி சொன்ன வழி ரொம்ப எளிது. இடது பக்கம் ஓர் ஆளைச் சேர்க்க வேண்டும், வலது பக்கம் ஓர் ஆளைச் சேர்க்க வேண்டும். அந்த இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்ப்பார்கள். அப்புறம் மரம் தானாகக் கிளைவிடும்.

இடது பக்கத்துக்கு மனைவி ரூபா முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருந்தாள். வலது பக்கம் காலி. அதற்குத்தான் கன்னையாவைத் தேடி வந்திருந்தார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்குத் திருப்பதி ஓட்டல் ஹாலில் கூட்டம். இரண்டு பக்கமும் நிரப்பியவர்களை மேடையில் ஏற்றி மாலை போடுவார்கள். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான்.

முன்னே வந்த நாலு தடவையும் யாமினிக்காக வந்தார். கன்னையாவின் மகள், பத்தாவது படிக்கிறாள். எண்ணூறு மீட்டரில் அந்த மண்டலத்தில் அவளைத் தொட ஆளில்லை. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்தால் படிப்பும் சாப்பாடும் அங்கேயே. கிடைக்காவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாளே அத்தையோடு மாம்பழக் கூழ் பேக்டரிக்குப் போக வேண்டும்.

அதற்கான செலக்‌ஷனும் நாளைக்குத்தான், அதே திருப்பதியில். ராஜினாமாவைக் கொடுத்ததும் கோவர்த்தனன் அதை மறந்துபோனார். மறந்துபோனார் என்பதுகூடப் பொய்தான். மறக்கப் பார்த்தார்.

"ஆனா நீங்க கூடவே இருக்கணும் சார்" என்றார் கன்னையா. "வேற யார நம்பியும் அனுப்பமாட்டேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டேன், நான் வந்த விஷயமே வேறு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பெண்ணின் திருப்பதி போச்சு. சாரின் மேடையும் போச்சு. இரண்டில் எதற்காக வாயை மூடிக்கொண்டீர்கள் என்று கேட்டால், பெண்ணுக்காகத்தான் என்று அடித்துச் சொல்வார்.

"கையெழுத்து எங்க சார் போடணும்?"

அடப்பாவமே! செலக்‌ஷனுக்கு அப்பா கையெழுத்தெல்லாம் யாரும் கேட்பதில்லை. பிள்ளை போய் மைதானத்தில் நின்றால் போதும். எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு போனவருக்கு அது தெரியாதா?

கை பைக்குள் போனது. தானாகப் போனது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம்.

படிவம் முழுக்க இங்கிலீஷ். கன்னையாவுக்குத் தெலுங்கில் பேர் எழுத வரும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக் காகிதம் எதையும் அவர் படித்துப் பார்த்ததில்லை. சார் காட்டுகிற இடத்தில் போடுவார்.

பேனாவோடு யாமினி வந்தாள். அப்பாவிடம் கொடுப்பதற்கு முன் காகிதத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

அவள் இங்கிலீஷ் மீடியம் என்பது கோவர்த்தனனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மேலே இருந்த கம்பெனி பெயரைப் படித்தாள். நடுவில் இருந்த கட்டங்களைப் படித்தாள். அடியில் பிரேமலதா மேடம் சிவப்பு மையில் எழுதியிருந்ததையும் படித்தாள். கோவர்த்தனனைக் கம்பெனியில் சேர்த்துவிட்ட அந்த மேடம், 'ஞாயிறு காலை பத்து மணிக்குள்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

படித்துவிட்டு நிமிர்ந்து சாரைப் பார்த்தாள்.

அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. இப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் எந்தப் பிள்ளையும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"இங்க போடு நைனா" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

கன்னையா ஒவ்வோர் எழுத்தாக, சுழித்துச் சுழித்து எழுதி முடித்தார். முகமெல்லாம் சிரிப்பு. சாருக்கு மோர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனார்.

கோவர்த்தனன் கையை நீட்டினார்.

யாமினி கொடுக்கவில்லை. படிவத்தை நாலாக மடித்துத் தன் சயின்ஸ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் கீபம் எதுவும் இல்லை.

"நீங்க வேலய வுட்டது நைனாவுக்குத் தெரியாது சார். நான் சொல்லல" என்றாள், உள்ளே கேட்காத குரலில். "காலையில நாலு மணி பஸ்சுக்கு நிப்பேன். நீங்க வந்துடுங்க. ஓடி முடிச்சதும் இத தரேன்."

கோவர்த்தனன் அந்த சயின்ஸ் புத்தகத்தையே பார்த்தார்.

"ஓடி முடிக்க பன்னெண்டு மணி ஆயிடுமேம்மா."

"ஆவும் சார்" என்றாள் யாமினி.